விற்கத் தெரிந்தவர் கார் வாங்கப் போனார்

என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்லாமல் வாயைத் திறக்கத் தெரியாது. கோபத்தில் சொல்லவில்லை. கோபமும் இருக்கிறது, அது தனிக் கதை. அவர் தொழிலே அப்படி. பெயர் பழனி. காஞ்சிபுரத்துக்குள் நுழைகிற வெளியூர்க் கார்களை வழியில் பிடித்துப் பட்டுக்கடைக்கு அழைத்துப் போகிற புரோக்கர்.

காலையில் இட்லியை விழுங்கிவிட்டு பைக்கில் போய் ரோட்டோரம் நிற்பார். "கோயிலுக்காங்க? நேரா போனா ஒன்வே. என் பின்னாடியே வாங்க" என்பார். ஒன்வேயும் இருக்காது, ஒரு மண்ணும் இருக்காது. கோயிலுக்கு முன்னால் எப்படியோ ஒரு கடை வந்துவிடும். அங்கே ஒரு புடவையை உதறி, "நேத்துதாம்மா தறியிலேர்ந்து அறுத்தாங்க" என்பார். அந்தப் புடவை இரண்டு ஆடித் தள்ளுபடியைப் பார்த்தது என்று எனக்குத் தெரியும். விற்றால் கடைக்காரர் கமிஷன் கொடுப்பார். அதில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது என்பதால் நான் அதிகம் பேசுவதில்லை. அதிகம் பேசுவதில்லை என்று நான் சொன்னால் எங்கள் தெருவில் யாரும் நம்ப மாட்டார்கள்.

இந்த மனிதரைத்தான் என் அக்கா மகள் கீர்த்தி கார் வாங்கத் துணைக்குக் கூப்பிட்டாள்.

கீர்த்தி கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்கிறவள். பிரம்ம முகூர்த்தம் என்றால் ஊர் தூங்கும்போதே மேக்கப் பெட்டி, சவுரி, நகைப் பெட்டி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மண்டபத்தில் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் ஆட்டோக்காரர்கள் வருகிறேன் என்பார்கள், வரமாட்டார்கள். மூன்று வருடமாகச் சேர்த்த பணம் கையில் இருந்தது. லைசென்ஸ் வந்துவிட்டது. ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னால் ஒரு பழைய கார் வாங்கியாக வேண்டும். ஓட்டை வண்டியாக அமைந்துவிட்டால் பணமும் போச்சு, சீசனும் போச்சு, பிடித்த ஆர்டரும் போச்சு.

"கவலைப்படாத கீர்த்தி. இருபது வருஷமா நான் கார்ங்களைத்தான பாத்துக்கினு இருக்கேன்" என்றார் இவர். உண்மைதான், பார்க்கிறார். கார் கண்ணாடி வழியாக உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள், எத்தனை புடவை எடுப்பார்கள் என்றுதான் பார்க்கிறார். பானட்டுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தனியாக அனுப்பப் பயந்து நானும் கிளம்பினேன்.

முதல் வண்டி வாலாஜாபாத்தில். ரிடையரான வாத்தியார் தேவசகாயம் சாருடையது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். சின்ன வெள்ளைக் கார், ஒரே ஓனர். கீர்த்திக்குத் தெரிந்த மெக்கானிக் முன்பே பார்த்து, தாராளமாக வாங்கலாம் என்று சொல்லியிருந்தார். சார் சொன்ன விலை கையில் இருந்ததைவிடக் கொஞ்சம்தான் கூட. அந்தக் கொஞ்சத்தைக் குறைப்பதுதான் இவருக்குக் கொடுத்த வேலை. நாலு குறை சொல்ல வேண்டும், உதட்டைப் பிதுக்க வேண்டும், அவ்வளவே.

இவர் வண்டியை ஒரு சுற்று சுற்றினார். சாரின் சம்சாரம் செல்லியம்மாள் மோர் கொண்டுவந்தார். பக்கத்தில் வாங்க வந்த கீர்த்தி தயங்கி நிற்பதைப் பார்த்ததும் இவருக்குள் என்னமோ முடுக்கிவிட்ட மாதிரி ஆகிவிட்டது.

"இப்படி வெயிலுக்கு வந்து பாரும்மா கலரை! இந்த மாதிரி சரக்கு இப்ப வருதா? சீட்டைத் தொட்டுப் பாரு, சும்மா தொட்டுப் பாரு. சார் குழந்தை மாதிரி வச்சிக்கினு இருந்திருக்காரு. இன்னிக்கு விட்டா நாளைக்குக் கிடைக்காது, ஆமா!"

நான் கிள்ளினேன். உணரவே இல்லை. தேவசகாயம் சார் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் மனைவியிடம், "செல்லி, நம்ம வண்டி இவ்ளோ நல்ல வண்டியா?" என்றார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினார். மறுநாள் போன் வந்தது. விலை ஏறியிருந்தது.

வீட்டில் நான் ஆடிய ஆட்டத்தை எழுதினால் பக்கம் போதாது. "வாங்கப் போனியா, விக்கப் போனியாய்யா?" என்றேன். "பழக்கதோஷம்" என்று தலையைச் சொறிந்தார்.

இரண்டாவது, சென்னை ரோட்டில் பழைய கார்கள் விற்கிற ஒரு இடம். அங்கே இருந்த ஆள் இவரைவிடப் பெரிய எமன். கோலி சோடா உடைத்துக் கொடுத்துவிட்டு, "அண்ணே, காலைல திருத்தணி பார்ட்டி ஒண்ணு வந்து அட்வான்ஸ் நீட்டிச்சி. குடுக்கல. ஒரு ராசியான கைக்குப் போவட்டும்னு வச்சிருக்கேன்" என்றான். கேட்டதும் இவர் முகம் மலர்ந்துவிட்டது. கச்சேரி கேட்கிற மாதிரி தொடையைத் தட்டிக்கொண்டு, "இன்னா அழகா சொல்றான் பாரு! ராசியான கையாம்! இந்த வார்த்தை எனக்கு இவ்ளோ நாள் தோணலியே!" என்று என் காதில் சொன்னார்.

நல்லவேளை, கீர்த்தி கச்சேரி கேட்கவில்லை. மெக்கானிக் சொல்லிக் கொடுத்தபடி சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தாள். உள்ளே சுருண்டிருந்த பாதி முழுக்கச் சேற்றுக் கறை. எங்கேயோ வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டி. விறுவிறுவென்று வெளியே வந்தாள்.

சோடா கொடுத்தவனுக்கு இவர் கைகொடுத்துவிட்டு வந்தார். கீர்த்தி ரோட்டோரப் புளியமரத்தடியில் அழுதுகொண்டிருந்தாள். ஆவணி பிறக்க நாளே இல்லை. நான் இவர் பக்கம் திரும்பினேன். "பாம்பின் கால் பாம்பறியும்னு கூட்டியாந்தா, நீ அந்தப் பாம்புகூட சேர்ந்து படமெடுத்து ஆடறியே!" என்று கத்தினேன். இவர் செருப்பு நுனியால் மண்ணைக் கிளறினார்.

கீர்த்தி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "திட்டாத சித்தி. சித்தப்பாவுக்கு வாங்க வராது. விக்கத்தான் வரும்" என்றாள். பிறகு அவரை நேராகப் பார்த்தாள். "சித்தப்பா, வாலாஜாபாத் சார்கிட்ட போய் என்னை வித்துட்டு வா."

"அடிப்பாவி, இன்னா பேச்சு இது!" என்றேன் நான். இவருக்கு மட்டும் புரிந்துவிட்டது. சட்டையை உள்ளே சொருகிக்கொண்டார்.

மூன்று பேரும் நேரே வாலாஜாபாத் போனோம். தேவசகாயம் சார் வீட்டில் இவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "சார், வண்டியைப் பத்திப் பேச வரல. பொண்ணைப் பத்திப் பேச வந்தேன்" என்று ஆரம்பித்தார்.

"எங்களுக்குப் பையன் இல்லியேப்பா" என்றார் செல்லியம்மாள்.

"அதில்லம்மா. வண்டி யார் கைக்குப் போவுதுன்னு நீங்க தெரிஞ்சிக்கணும். போன தையில மாகறல் கிராமத்துல ஒரு கல்யாணம். ஆட்டோ வரேன்னு சொல்லிட்டு வரல. இவ பெட்டியைத் தலையில வச்சிக்கினு மெயின் ரோடு வரைக்கும் நடந்தா. பால் வண்டியை நிறுத்தி ஏறிப் போனா. வழியில செருப்பு அறுந்துபோச்சு. வெறுங்காலோட நின்னு பொண்ணை ஜோடிச்சா. அந்த வீட்ல யாருக்கும் தெரியாது. ஒரு கல்யாணத்துக்கும் இவ லேட்டா போனதில்ல சார்."

எனக்குத் தெரியும், கீர்த்தி என்னிடம்தான் அழுதாள். இவர் அப்போது திரும்பிப் படுத்திருந்தார், தூங்குகிறார் என்று நினைத்திருந்தேன்.

"ஊரையே பட்டுல சுத்தறா. தனக்குன்னு ஒரு பட்டு எடுத்ததில்ல. எங்கிட்ட கேட்டா கடையில சொல்லி வாங்கித் தருவேன். கேக்க மாட்டா. நான் எதையாவது சொல்லி ஏமாத்திடுவேன்னு அவளுக்குத் தெரியும்." செல்லியம்மாள் சிரித்துவிட்டார். "ஓட்டறாளான்னா, நல்லா ஓட்டறா. ரிவர்ஸ் மட்டும் இன்னும் சரியா வரல. சிநேகிதி வண்டியை எடுத்தாந்து எங்க வீட்டு துளசி மாடத்தை இடிச்சிட்டா. மறுநாள் அவளே சிமெண்டு குழைச்சிக் கட்டிட்டுத்தான் போனா."

கீர்த்தி முறைத்தாள். எப்போது பொய் வரும், எப்போது வரும் என்று நான் காத்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. இத்தனை வருடத்தில் இந்த மனிதர் பொய் கலக்காமல் விற்ற ஒரே சரக்கு என் அக்கா மகள்தான்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். செல்லியம்மாள்தான் பேசினார். "பொண்ணு கையில இருக்கறத வாங்கிக்கினு சாவியைக் குடுங்க. ஏறின விலையும் வேணாம், பழைய விலையும் வேணாம்." சார் மறுக்கவில்லை. "ரிவர்ஸ் மட்டும் பாத்து எடும்மா" என்றார்.

கீர்த்திதான் ஓட்டி வந்தாள், மாட்டு வண்டி வேகத்தில். லாரிகள் எல்லாம் திட்டிக்கொண்டே தாண்டிப் போயின. அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. நான் முன்சீட்டில், இவர் பின்சீட்டில். எனக்கு மட்டும் உள்ளே ஏதோ குத்திக்கொண்டே இருந்தது. பாதி வழியில் கேட்டுவிட்டேன்.

"ஏன்யா, அவளைப் பத்தி இவ்ளோ பேசினியே, என்னைப் பத்தி ஒரு நாளு, ஒரு இடத்துல, நாலு வார்த்தை நல்லதாப் பேசியிருக்கியா?"

"நீ ஒண்ணு. விக்கிற சரக்கைப் பத்திதான் வாய் கிழியப் பேசுவாங்க. குடுக்கற எண்ணமே இல்லாததைப் பத்தி எந்த வியாபாரியாவது வெளிய பேசுவானா?"

கீர்த்தி சிரித்த சிரிப்பில் கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நடுரோட்டில் நின்றது. "யாரைய்யா சரக்குன்ற?" என்று ஒரு பிடி பிடிக்கத் திரும்பினேன். அவர் ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லும்போது வருகிற அந்த இளிப்பு முகத்தில் இல்லை.

எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால், நாளைக்கே எவளாவது ஒரு சென்னை அம்மாவிடம் அதையும் சொல்லி ஒரு புடவை விற்றுவிடுவார்.