பற்றவைக்காத பீடி

குரோம்பேட்டையில் நான் லேத் ஓட்டிய பட்டறையில் பாகங்களைக் கழுவ மண்ணெண்ணெய் வாளி வாளியாக வைத்திருப்பார்கள். அதனால் உள்ளே நெருப்புக்கு இடமில்லை. பீடி பிடிக்கிறவர்கள் மட்டும் பின்பக்கச் சந்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வரலாம்.

"நீதான் பீடி புடிக்கலயே, வெளிய உனக்கு இன்னா வேல?" என்பார் மேஸ்திரி.

இது எண்பதுகளின் நடுவில். கோவிலம்பாக்கத்தில் எங்கள் நிலத்தை அப்பா விற்று, அதில் மனைக்கல் நட்டாகிவிட்டது. அந்த நிலத்தில்தான் அறுப்பு முடிந்த நாட்களில் நான் கபடி பழகினேன். விழுந்தாலும் வலிக்காத மண். அது போகட்டும். எங்கள் ஊர் அணியில் எதிர்ப்பக்கம் பாடிப் போகிறவன் நான். பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் நன்றாக ஆடுகிறவர்களை நிரந்தர வேலைக்கு எடுப்பதாகப் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு அவர்கள் ஆள் வரப்போகிறார். பட்டறை வேலையோ என்றைக்கு நிற்குமென்று தெரியாது.

அந்த நினைப்பிலேயே கை அவசரப்படும். அளவு தவறும். மேஸ்திரி கத்துவார். கத்தக் கத்த இன்னும் அவசரப்படும். பக்கத்து லேத்துக்காரர், "ஒண்ணு இழு தம்பி, டென்ஷன்லாம் புகையோட பூடும்" என்று ஒரு பீடியை நீட்டினார். வாங்கிக்கொண்டு சந்துக்குப் போனேன். பற்றவைக்கவில்லை. பாடிப் போகிறவனுக்கு மூச்சை விட்டால் வேறென்ன இருக்கிறது? பீடியை விரலிடுக்கில் வைத்தபடி, சுவரைப் பார்த்து, நிதானமாக மூச்சிழுத்து, அது தீரும்வரை 'கபடி கபடி' என்று முணுமுணுத்தேன். திரும்பத் திரும்பச் செய்ததில் அவசரம் அடங்கியது.

அப்புறம் தினமும் அதே பீடிதான். நூல் பிரிந்து, இலை நைந்து போயிற்று. கையில் பீடியைப் பார்த்ததால் மேஸ்திரியும் தடுப்பதில்லை. இன்றைக்கும் கடை வாசலில் சிகரெட்டோடு நிற்கும் பையன்களைப் பார்த்தால் எனக்குத் தோன்றும்: இவர்களுக்கு வேண்டியது புகை இல்லை, கொஞ்ச நேரம் வெளியே நிற்க ஒரு சாக்கு.

ஆட்டத்துக்கு முந்தின வாரம், எங்கள் அணிப் பையன் ஒருவன் அந்தச் சந்து வழியாகச் சைக்கிளில் போனான். சாயங்காலம் மைதானத்தில் கேப்டன் அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாடா, பீடியாமே?"

"கையில வெச்சிகினு நிப்பேண்ணா. பத்த வெக்கறதில்ல."

"எந்த லூசுடா பத்த வெக்காத பீடிய வெச்சிகினு நிப்பான்? கைய காட்டு." மோந்து பார்த்தார். புகையிலை வாசனை அடித்தது. "பொய் வேறயா? ஞாயித்துக்கெழம நீ வெளிய குந்து."

பீடியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். "நுனிய பாருண்ணா. கருகிகீதா?"

சைக்கிள்காரன் எட்டிப் பார்த்தான். "டேய், இது எங்க தாத்தா காலத்து பீடிடா!"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "அந்தக் கோடி மரத்த தொட்டுட்டு வரணும். பாடினே வா. நானும் வரேன். எவன் மூச்சு மொதல்ல வுடுதுன்னு பாப்போம்."

திருநீர்மலைப் பக்கம் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஓடினோம். என் கண் முன்னால் பட்டறைச் சுவர்தான் நின்றது; மனசுக்குள் அவசரமே இல்லை. போகும்போதே அவர் இருமி நின்றுவிட்டார். நான் மரத்தைத் தொட்டுப் பாடிக்கொண்டே திரும்பினேன்.

இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிய அண்ணன், பீடியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். "இது என்கிட்டயே இருக்கட்டும். எனக்குத்தான் வோணும் போல. ஞாயித்துக்கெழம நேரத்துக்கு வந்துடு."

வந்தேன், ஆடினேன், வேலையும் கிடைத்தது. தொழிற்சாலையில் முதல் நாள் டீ மணி அடித்ததும், பீடி பிடிக்கிறவன் பிடிக்காதவன் எல்லோரும் எழுந்து வெளியே போனார்கள். நான் சட்டைப்பையைத் தடவிக்கொண்டு நின்றேன்.

"இன்னா மச்சான் தேடற?" என்றான் பக்கத்து மெஷின்காரன்.

"ஒண்ணுமில்ல" என்று நானும் வெளியே நடந்தேன்.