நான் கடித்த இடம்

ஐந்து வயதுவரை தாய்ப்பால் குடித்தவன் நான். பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாததற்கு அதுவும் ஒரு காரணம். நடுவில் பசித்தால் என்ன செய்வது? கடைசியில் ஒருநாள் அம்மா மார்பில் வேப்பிலையை அரைத்துத் தடவிக்கொண்டாள். கசந்த கோபத்தில் இடது பக்கம் நறுக்கென்று கடித்துவிட்டு ஓடிப்போனேன்.

இரண்டு வருடம் கழித்து அதே இடத்தில் கட்டி வந்தது. வெள்ளைக்காரன் ஆண்ட காலம். எங்கள் குமணன்சாவடியில் மார்பில் கட்டி என்றால் பால் கட்டிக்கொண்டது என்பார்கள். பால் வற்ற மல்லிகைப் பூவை வைத்துக் கட்டுவார்கள். அம்மாவும் கட்டினாள். வீடெல்லாம் கல்யாண வாசனை. கட்டி மட்டும் கொட்டைப்பாக்கு அளவிலிருந்து எலுமிச்சங்காய் அளவுக்கு வளர்ந்தது.

காரணத்தைக் கண்டுபிடித்தவள் அத்தை. "இவன் கட்ச்ச விஷம்தான் அண்ணி. பாம்புக் குட்டிய இல்ல பெத்து வச்சிகீற!"

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா செத்தால் கொன்றவன் நான். ஆடிக்கொண்டிருந்த இரண்டு முன்பற்களையும் நானே பிடுங்கிக் குளத்தில் எறிந்தேன், சாட்சி இல்லாமல் போகட்டும் என்று. வாய் பொக்கையானதுதான் மிச்சம்; அம்மா முன்னால் வாயைத் திறக்காமல் சமாளித்தேன்.

அப்பா அம்மாவை ஜட்காவில் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது நானும் தொற்றிக்கொண்டேன். டாக்டர் கேட்டால் ஒப்புக்கொள்வதாக முடிவு. அம்மாவும் அப்பாவும் உள்ளே போனார்கள். தாழ்வாரம் முழுக்க அதே கட்டியோடு வந்தவர்கள், அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். பூந்தமல்லி பாய் வீட்டு அம்மா, கவுன் போட்ட ஒரு துரைசானி, பிள்ளையே பெறாத ஒருத்தி. அவளை யார் கடித்திருப்பார்கள்? ஓரத்தில் மார்பில் கட்டுப் போட்ட ஒரு மீசைக்காரர்.

"உன்ன யார் நைனா கட்ச்சது?" என்று கேட்டேன்.

"இன்னாது?"

"மார்ல. கட்ச்சாதான இது வரும்?"

"தோடா! பொக்க வாய வச்சிகினு கேள்வியப் பாரு. எனக்குக் கண்ணாலமே ஆவலடா. தானா வந்துகீது. ஆம்பளைக்கும் வரும்னு இங்க வந்தப்பறம்தான் எனக்கே தெரியும்."

அப்போது அம்மா வெளியே வந்தாள். ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "நான் இல்லம்மா! அந்த மீசக்காரருக்கும் வந்துகீது!" என்று கத்தினேன்.

அம்மா என் முகத்தையே பார்த்தாள். "பல்லு எங்கடா?" என்று மட்டும் கேட்டாள். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார்.

காரணம் நான் இல்லையென்றால் அம்மாவுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டேன். வீடு வரும்வரை ஜட்காவில் நான் ஒருவன்தான் பேசிக்கொண்டு வந்தேன்.