செலின் அக்காவிடம் ஒரு மிதி

முந்தாநாள் காலை, நானும் செலின் அக்காவும் வேலை பார்த்த பிசியோதெரபி கிளினிக்கைத் திறக்கும்போதே செய்தி வந்தது. அக்கா தூக்கத்திலேயே போய்விட்டாராம். "எது முதல்ல நின்னுச்சாம், மூச்சா, இதயமா?" என்று கேட்டுவிட்டேன். அழுகை அப்புறம்தான் வந்தது. அவர் பக்கத்து மேசையில் இத்தனை காலம் பிசியோதெரபி பார்த்தால் வேறென்ன புத்தி வரும்?

திருவொற்றியூர்க் கடையில் பஜ்ஜியைக் கடித்தபடி அவர் கேட்கும் கேள்விகளில் என் டீ ஆறிவிடும். "கைகால் சதை நாம சொன்னாத்தான் அசையுது. இந்த பஜ்ஜி தொண்டையத் தாண்டிச்சின்னா, அப்பால குடல் சதை அதும்பாட்டுக்குத் தள்ளிகினு போவுது. நம்மள யார் கேக்கறாங்க? இதயத்தைப் பாரு. வரிவரியா கைச்சதை மாதிரியே கீது, ஆனா நம்ம பேச்சைக் கேக்காது, களைக்கவும் களைக்காது. இன்னா திமிரு அதுக்கு!"

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் சுமை தூக்குபவர்கள் அவரைத் தேடி வந்தது படிப்புக்காக அல்ல. அக்கா கால் முன்னே வரப் பிறந்தவர். அப்படிப் பிறந்தவர் மிதித்தால் சதைப்பிடிப்பு விட்டுவிடும் என்பது நம்பிக்கை. அக்கா பயிற்சியெல்லாம் கொடுத்து முடித்து, கடைசியில் முதுகில் பாதத்தையும் லேசாக வைத்து எடுப்பார். "மிதிக்கிறதுக்கு முன்னாடியே சதை இளகுதே, எப்படிடி?" என்று என்னைக் கேட்பார்.

ஒருநாள் அந்த மார்க்கெட்டில் சுமை தூக்கும் முருகேசன் தன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து குப்புறப் படுத்தார். "சதை பிடிச்சிகிச்சுக்கா. ஒரு மிதி வுடு, லோடு நிக்குது."

அக்கா காலைத் தூக்கவில்லை. கையை உயர்த்தச் சொன்னார், திரும்பச் சொன்னார், அழுத்திப் பார்த்தார். வலி கூடவுமில்லை, குறையவுமில்லை. சட்டை மட்டும் வியர்வையில் தொப்பலாகிவிட்டது.

"இது தூக்கற சதை இல்ல நைனா. துடிக்கிற சதை மாதிரி தெரியுது. ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு."

"பேஜார் பண்ணாதக்கா. மிதிச்சா சரியாப் பூடும்."

"உசுரோட திரும்பி வா, மிதிக்கிறேன்."

ஆட்டோவில் தானே கூட ஏறிக்கொண்டார். மாரடைப்புதான். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆளே இல்லை என்றார்களாம்.

பிழைத்து வந்த முருகேசன் மிதியைக் கேட்டார். "வலி இல்லாத முதுகுல எதை மிதிக்கிறது? அடுத்த மாசம் வா" என்றார் அக்கா. அடுத்த மாதமும் அதே பதில். அந்தச் சாக்கில் ரத்த அழுத்தம் பார்த்து, மாத்திரை போடுகிறாரா என்று விசாரித்து அனுப்புவார். இருவருக்கும் அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

நேற்று ராயபுரத்தில் அடக்கம். "போய் வாங்க அக்கா" என்று சொல்லிப் பூவை வைத்தேன். பெட்டியை மூடப் போனபோது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு முருகேசன் வந்தார். அக்காவின் பாதங்களை இரண்டு கையாலும் பிடித்து, அவற்றின் மேல் தன் தோளைச் சாய்த்தார்.

"இப்ப வலிக்குதுக்கா," என்றார். "மிதிக்கா."