தீவு விட்டாச்சு

நேற்று சாயங்காலம் லிஃப்டில் ஏறினால் உள்ளே ஏற்கெனவே ஐந்தாறு பிள்ளைகள். ஈரத் தலை, ஈர நிக்கர், கழுத்தில் துண்டு. நீச்சல் குளத்து குளோரின் வாசனையும், யார் கையிலோ இருந்த மாங்காய்க் கீற்றின் மிளகாய்ப்பொடி வாசனையும் சேர்ந்து மூக்கை அரித்தது. முன்பல் விழுந்த ஒரு பொடிசு என்னை அண்ணாந்து பார்த்து, "அங்கிள், எங்களுக்கு லீவு விட்டாச்சே!" என்றது. என் காதில் அது "தீவு விட்டாச்சே" என்றுதான் விழுந்தது. காது மந்தமாகிற வயசுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கோளாறு எனக்கு ரொம்ப வருஷமாக இருக்கிறது.

மூன்றாவது மாடியில் இறங்கி, கதவைத் திறந்து, ஃபேனைப் போட்டு உட்கார்ந்தேன். வீட்டில் நான் ஒருத்தன்தான். வேறு யாரிடம் சொல்வது? உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

இருபது வருஷத்துக்கு முன்னால் எனக்கு நாவலூரில் வேலை. ஜாகை இதே கேளம்பாக்கத்தில், லிஃப்ட் இல்லாத ஒரு வாடகை ஃபிளாட். நானும் என் மனைவியும் பிரிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. சண்டைக் கதையைச் சொல்லப் போவதில்லை, பயப்படாதீர்கள். அவள் திருச்சிக்கு, அம்மா வீட்டுக்கே போய்விட்டாள். ஐந்து வயசு மகள் தாரிணி அவளோடு. கோடை விடுமுறையில் கொஞ்ச நாள் மட்டும் பிள்ளை என்னிடம் இருக்கலாம் என்று பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். கோயில் சுண்டல் மாதிரி ஒரு கை அள்ளிக் கொடுத்தார்கள். நானும் வாங்கிக்கொண்டேன்.

பெண் வரப்போகிறாள் என்று நான் பண்ணிய அமர்க்களம் இருக்கிறதே! சுவரெல்லாம் மீன் ஸ்டிக்கர். பிங்க் தட்டு, பிங்க் டம்ளர். பால்கனிக்கு வலை. சமையலில் மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. எனக்குத் தெரிந்தது தோசை, தோசை மேல் முட்டை, நூடுல்ஸ். இன்றைக்கும் அதேதான், முன்னேற்றமில்லை.

தாரிணியின் அம்மாவுக்குச் செங்கல்பட்டில் அக்கா வீடு. அதனால் ஜங்ஷனில் வைத்துக் கைமாற்றல். "மூக்கடைப்பு மருந்து சைடு ஜிப்புல இருக்கு" என்றாள். எங்கள் இருவருக்கும் அன்றைக்கு அவ்வளவுதான் பேச்சு. தாரிணி இடுப்பில் ஊதிய வாத்து டியூபோடு பிளாட்பாரத்தில் நின்றாள். ரயிலிலேயே ஊதித் தரச் சொல்லி அடமாம். திருப்போரூர் வழி பஸ்ஸிலும் அதைக் கழற்றவில்லை. கண்டக்டர் பார்த்துவிட்டு, "இன்னா சார், வாத்துக்கும் டிக்கெட்டு போட்டுடவா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. முக்கியமான காரியத்துக்குப் போகிறவள் மாதிரி விறைப்பாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே பால்கனிக்குப் போனாள். கீழே பார்க்கிங், ஒரு தண்ணி லாரி, எதிர் ஃபிளாட்டில் காய்கிற நைட்டி.

"தீவு எங்கப்பா?"

"என்ன தீவு?"

"நீ இருக்கிற தீவு."

சிரித்தபடியே செங்கல்பட்டுக்குப் போன் போட்டேன். "பிள்ளைகிட்ட என்ன சொல்லிக் கூட்டிட்டு வந்த?" என்றேன். "லீவுக்கு அப்பா வீட்டுக்குப் போலாம்னேன். வேற என்ன சொல்லுவாங்க?" என்று வைத்துவிட்டாள்.

லீவுக்கு. அவ்வளவுதான் விஷயம். ஒரு வருஷமாகத் திருச்சி வீட்டில் என்னைப் பற்றித் தாரிணி கேட்ட கேள்விக்கெல்லாம் இந்த ஒரு பதில்தான் கிடைத்திருக்கிறது. அப்பாவை எப்போது பார்க்கலாம்? லீவுல. அப்பா வரமாட்டாரா? லீவுக்கு நாம போலாம். பிள்ளைக்கு எல்லாமே தீவாகக் கேட்டிருக்கிறது.

சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். தோசையைப் பிய்த்தபடி அவளே விளக்கினாள். "தீவுன்னா சுத்தி தண்ணி. மிஸ் சொன்னாங்க. அதான் உன்னால வீட்டுக்கு வர முடியல. நான் எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்." எல்லாரும் என்றால் வகுப்புப் பிள்ளைகள், வேன் டிரைவர், பக்கத்து வீட்டு அத்தை. என்னை யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாதே என்று தெரு முழுக்க எனக்காகப் பேசிவிட்டு வந்திருக்கிறாள்.

எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. தீவு இல்லைடா, லீவு என்று திருத்துவது ஒரு நிமிஷ வேலை. திருத்தினால் அடுத்த கேள்வி தயாராக நிற்கிறதே! தண்ணி இல்லையென்றால் நீ ஏன் வீட்டுக்கு வரவில்லை? வக்கீலுக்குச் சொல்ல என்னிடம் காரணங்கள் இருந்தன, பெரியவர்களுக்குச் சொல்லவும் இருந்தன. ஐந்து வயசுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. என் மகளிடம் எனக்கு மிச்சமிருந்த நல்ல பெயர் முழுக்க அந்தத் தீவில்தான் இருந்தது. அது போனால் நானும் போனேன். "இது ஆபீஸ் வீடும்மா. தீவு வேற எடத்துல இருக்கு" என்றேன்.

ஐப்பசியில் வந்திருந்தால் கவலையே இல்லை. நாலு நாள் மழை பிடித்தால் எங்கள் அபார்ட்மெண்டே தீவுதான், பால் பாக்கெட் வாங்க வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நீந்த வேண்டும். மே மாதத்தில் தீவுக்கு எங்கே போவேன்? முதலில் மாமல்லபுரம் கூட்டிப்போனேன். ஓலைத் தொப்பி, சிப்பி ஒட்டிய கண்ணாடி எல்லாம் வாங்கிக் கொடுத்துக் கடற்கரையில் நிறுத்தினேன். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். "ஒரு பக்கம்தான் தண்ணி" என்றாள் கறாராக.

அப்புறம்தான் கோவளம் போகிற ரோட்டில் இருக்கிற உப்பங்கழி ஞாபகம் வந்தது. கோடையில் முகத்துவாரம் மண் அடைத்து, தண்ணீர் வற்றி, நடுவில் மணல் தலைகாட்டும். கரையில் ஏழுமலை என்று ஒருவர் ஃபைபர் படகில் வலையை உதறிக்கொண்டிருந்தார். தீவுக்குப் போகணும் என்றேன்.

"தீவா? இங்க ஏது சார் தீவு? நடுவால திட்டு ஒண்ணு கீது, அவ்ளோதான்."

நான் கண்ணைக் காட்டினேன். மனுஷன் வாத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "அடடே, அந்தத் தீவா! கீது கீது. ஏறு பாப்பா. உங்க நைனா தீவுதான?" என்று தூக்கி உட்காரவைத்தார்.

ஒரு கல்யாண மண்டபம் அளவுகூட இருக்காது அந்தத் திட்டு. சேற்று வாடை, நண்டு வளை, ஒற்றைச் செருப்பு. தாரிணி வாத்தோடு ஒரு முழுச் சுற்று நடந்து வந்து, "சுத்தி தண்ணி" என்று அறிவித்தாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "வீடு எங்கப்பா?" என்றாள் உடனே. "காத்துக்குப் பறந்துடும் பாப்பா, அதான் வூட்ட மடிச்சு வெச்சிக்கினு கீறாரு" என்றார் ஏழுமலை. சரி, மணலிலேயே கட்டலாம் என்று உட்கார்ந்தோம். ஹால், கிச்சன், உன் ரூம், என் ரூம். கடைசியாக ஒன்றைத் தோண்டி, "இது அம்மா ரூம்" என்றாள். நான் மணலைத் தட்டிக் கொடுத்தேன். இத்தனை வருஷத்தில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த இடம் வேறு இல்லை.

அப்போதுதான் அந்த எருமை வந்தது. எதிர்க்கரையிலிருந்து, வாலை ஆட்டிக்கொண்டு, முழங்கால்கூட நனையாமல், நிதானமாக நடந்தே வந்து திட்டில் ஏறியது.

"அப்பா, எருமை நடந்து வந்துருச்சு."

"அதுக்குக் காலு நீட்டு பாப்பா!" என்றார் ஏழுமலை, காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று.

அவள் எருமையின் காலைப் பார்த்தாள். பிறகு என் காலைப் பார்த்தாள். நான் பேண்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு நின்றிருந்தேன்.

"உனக்கும் நீட்டுதானப்பா" என்றாள்.

நான் பேண்ட்டைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டேன். ஏழுமலை வலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் கொஞ்ச நேரம் அம்மா ரூமுக்குச் சிப்பி பதித்தாள், அப்புறம் போகலாம் என்றாள். இருந்த மிச்ச நாளெல்லாம் தோசை தின்றோம், கார்ட்டூன் பார்த்தோம். தீவுப் பேச்சை அவள் எடுக்கவில்லை. எப்போது எடுப்பாளோ என்று நான் செத்துச் செத்துப் பிழைத்தேன்.

கிளம்புகிற நாள், மறுபடி செங்கல்பட்டு ஜங்ஷன். அவள் அம்மா குனிந்து, "எப்படிடி இருந்துச்சு அப்பா வீடு?" என்றாள்.

"தீவும்மா. சுத்தி தண்ணி. ரொம்ப ஆழம். அப்பாவால எல்லாம் நடந்து வரவே முடியாது."

எருமையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. அவள் அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தாள். நான் சைடு ஜிப்பில் மருந்து இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன். திரும்பி வருகிற பஸ்ஸில் அழுதேன், இதில் என்ன வெட்கம்.

அடுத்த வருஷம் போனில், "அப்பா, எனக்கு லீவு விட்டாச்சு" என்றாள். சுத்தமான லீவு. யார் திருத்தினார்கள் என்று நான் கேட்கவில்லை. அதற்கப்புறமும் சில கோடைகள் வந்தாள். பிறகு ஸ்பெஷல் கிளாஸ், கோச்சிங், காலேஜ். எப்போது என்று தெரியாமலே 'நீ' போய் 'நீங்க' வந்துவிட்டது. முகத்துவாரத்தைத் தூர்வாரினார்கள், அந்தத் திட்டு கரைந்துபோயிற்று. ஏழுமலையையும் கரையில் காணோம். அவள் விட்டுவிட்டுப் போன வாத்து பரணில் ரொம்ப நாள் கிடந்தது, ஒட்டிக்கொண்டு பிரியவே இல்லை.

இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். நேற்று அந்த லிஃப்ட் பிள்ளைகளைப் பார்த்த கையோடு நானே போன் போட்டேன்.

"இந்த மாசமும் லீவு கிடைக்கலப்பா. நீங்க தப்பா எடுத்துக்காதீங்க."

"பரவால்லம்மா. தீவு கிடைக்கிறப்ப வா."

"என்னப்பா, தீவா?" சிரித்தாள். "லீவுப்பா, லீவு."

"ஆமாம்மா. லீவுதான்" என்றேன்.

அவளுக்கு ஞாபகமே இல்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்டாள், தோசை என்றேன், வைத்துவிட்டாள். இங்கிருந்து பெங்களூருக்கு ரயில் இருக்கிறது, பஸ் இருக்கிறது. நடுவில் எங்கேயும் தண்ணீர் கிடையாது.