நைனாவுக்கு ஒரு வாய்ஸ் பாக்ஸ்

டி.வி.யில் சொருகுகிற ஒரு சின்னச் சாமானுக்காக நான் செஞ்சி கடைத்தெருவை நாலு முறை ஏறி இறங்கினேன் என்று சொன்னால் என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள். பஸ் ஐந்து நிமிடம் தாமதமானால் நடக்கத் தொடங்கிவிடுகிற ஆள் நான். அந்த வாரம் மட்டும் போனில் விமர்சனம் படிப்பது, கடைக்குப் போவது, வாங்காமல் திரும்புவது, வீட்டுக்கு வந்ததும் அதையே வாங்கியிருக்கலாமோ என்று அல்லாடுவது, இதுவே பிழைப்பாகிவிட்டது.

எல்லாம் நைனாவுக்காக, என் அப்பாவுக்காக. முப்பது வருஷம் ஆட்டோவில் மைக் கட்டி விளம்பரம் பேசியவர் அவர். கடை திறப்பு, கோயில் திருவிழா, நாளைக்குக் கரண்ட் இருக்காது, இன்னார் காலமானார், எல்லாமே அவர் குரலில்தான் அவலூர்பேட்டை வரைக்கும் போகும். போன தை மாதம் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. கொஞ்ச நாளில் நடக்க ஆரம்பித்துவிட்டார். பேச்சும் வந்தது, ஆனால் குழறலாக வந்தது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண்மணி ஒன்றைத்தான் வலியுறுத்திச் சொன்னார்: பேசிக்கொண்டே இருக்கட்டும், விட்டுவிடாதீர்கள். நைனா விட்டுவிட்டார்.

அவராக விடவில்லை, நான்தான் விட வைத்தேன். அந்தக் குழறல் எனக்கு முதல் வாரத்திலேயே பழகிவிட்டது. அவர் பாதி சொல்லும்போதே மீதி புரியும். ஆனாலும் புரியாத மாதிரி, "இன்னா நைனா? இன்னொரு தபா சொல்லு" என்பேன். திரும்பத் திரும்பச் சொன்னால் நாக்கு வழிக்கு வரும் என்று நினைத்தேன். யாரும் சொல்லித் தரவில்லை, என் சொந்த மூளைதான். அவரும் பாவம், தண்ணி கேட்பதற்கு மூன்று முறை தொண்டையை இழுத்துப் பார்ப்பார். ஒருநாள் சொம்பைக் கையால் காட்டினார். சித்திரை பிறந்தபோது வீட்டில் அவர் குரலே இல்லை. பக்கத்து வீட்டில் கேட்டால் அம்மா, "அவுருக்கு யார்கிட்டயும் பேசப் புடிக்கல" என்று சமாளிப்பாள்.

அப்போதுதான் இந்த யோசனை வந்தது. மனுஷரிடம் பேசத்தான் கூச்சம், மெஷினிடம் என்ன கூச்சம்? வாயால் சொன்னால் பாட்டு போடும், செய்தி போடும் என்கிறார்கள். பாட்டுக்காகவாவது வாயைத் திறப்பார். அம்மா வைக்கிற சீரியலைப் பார்த்துக்கொண்டு பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

தேர்ந்தெடுப்பதில்தான் தலைசுற்றல். ஒரு வகை, எட்ட உட்கார்ந்து பேர் சொல்லிக் கூப்பிட்டாலே விழித்துக்கொள்ளும். ரிமோட்டே வேண்டாம். ஒரு கை விழுந்தவருக்கு அதுதானே வசதி? அம்மாவுக்கு அது ஆகவில்லை. "ஏன்டி, நாம பேசறதெல்லாம் கேட்டுனே இருக்குமா? எனக்கு வாணாம் தாயே." இன்னொரு வகையில் ரிமோட்டிலேயே மைக் இருக்கிறது, பட்டனை அழுத்திக்கொண்டு பேச வேண்டும். நைனா ஆட்டோவில் பேசிய மைக்கிலும் அப்படியொரு பட்டன் உண்டு. அதை அழுத்தினால்தான் அவருக்குப் பேச்சே வரும், கல்யாண வீட்டில்கூட பேசுவதற்கு முன் கட்டைவிரல் தானாக மடங்கும். பட்டன் வைத்ததே வாங்குவது என்று முடிவு செய்தேன். அதிலும் இரண்டு கம்பெனி. எது குழறலைப் புரிந்துகொள்ளும் என்று எந்த விமர்சனத்திலும் ஒருத்தரும் எழுதவில்லை.

நாலாவது முறை போனபோது கடைக்காரரிடம் இரண்டையும் மாட்டிக் காட்டச் சொன்னேன். அவர் பொறுமைசாலி, மாட்டினார். நான் பேசினேன், இரண்டும் டக்கென்று பாட்டு போட்டன.

"சூப்பரா எடுக்குது பாருமா. எது வேணும்?"

"நான் பேசினா எடுக்கும்ணே. எங்க வீட்ல பேசறவருக்கு வாய் சரியா வராது."

"அப்ப அவுரையே கூட்டினு வாயேன்."

எங்கே கூட்டிவருவது? வாசல்படியையே தாண்டுவதில்லை. மறுபடி வெறுங்கையோடு போக எனக்கு உடம்பில் தெம்பில்லை. அவர் கையிலிருந்து ரிமோட்டை வாங்கினேன், கடைவாயை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டேன், நாக்கைத் தளர்த்தினேன், "பழைய பாட்டு போடு" என்று அப்படியே நைனா மாதிரி சொன்னேன். மிக்ஸி வாங்க வந்திருந்த ஒரு குடும்பமே சிரித்தது. காது வரைக்கும் சுட்டது. முதல் பெட்டி கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு ஒன்றும் செய்யாமல் நின்றது. இரண்டாவதில் மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை பாட்டு வந்தது. கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

"மைக்குக்காரருக்கு வாதம் வந்துச்சுன்னாங்க, அவுரு பொண்ணாமா நீ? இந்தக் கடைய தெறந்தப்ப அவுருதான் ரெண்டு நாள் பேசினாரு" என்றார். அந்த இரண்டாவது பெட்டியையே கட்டச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் மாட்டி, ரிமோட்டை நைனாவின் இடது கையில் வைத்தேன். அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கட்டிலில் வைத்துவிட்டார். மறுநாளும் அப்படியே. நான் விடுவேனா? காபி கொடுக்கும்போது, சாப்பாடு போடும்போது, வேலைக்குக் கிளம்பும்போது, "பேசிப் பாரு நைனா, பேசிப் பாரு நைனா." "நச்சரிக்காதடி, அவுரு இஷ்டத்துக்கு வுடு" என்று அம்மா அதட்டினாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் பொறுமை அறுந்தது. ரிமோட்டை எடுத்தேன்.

"நீ இப்ப எப்டி பேசுவியோ அப்டியே அதுக்குப் புரியும் நைனா. கடையில பேசிக் காட்டித்தான் வாங்கினேன், இதோ பாரு." பட்டனை அழுத்தி, வாயை இழுத்து, அவர் குரலில் சொன்னேன். டி.வி.யில் பாட்டு ஓடத் தொடங்கியது.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. சோறு போட வந்த அம்மா கரண்டியோடு நின்றுவிட்டாள். நைனா என்னையே பார்த்தார். அடிபட்ட முகம். ஐயோ, அவர் முகத்துக்கு நேராகவே பழித்துக் காட்டிவிட்டேனே!

அவர் வாய் அசைந்தது. இரண்டு மாதத்துக்குப் பிறகு வந்த குரல், கரகரப்பாக, இழுத்து இழுத்து வந்தது.

"அப்ப... உனக்குப் புரிஞ்சினே இருந்துச்சா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "புரிஞ்சுது நைனா."

"எல்லாமுமா?"

"எல்லாமே."

"அப்புறம் ஏன் இன்னா இன்னான்னு கேட்ட?"

நாக்கு சரியாகும் என்று நினைத்ததாகச் சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று தெரிந்தது. அவர் மூச்சு வாங்கினார். பாட்டுச் சத்தத்துக்கு மேல் பேச முடியாமல் டி.வி.யை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். நிறுத்தினேன்.

"உனக்கே புரியலன்னா... வேற யாருக்குடி புரியப் போவுதுன்னுதான்... வாய மூடினேன்."

நான் அவர் காலடியில் உட்கார்ந்து அழுதேன். அழுகை நிற்கவில்லை. அம்மாவும் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. நைனா இடது கையால் என் தலையைத் தட்டி நிமிரச் சொன்னார். பிறகு வேகமாக, ஒரு எழுத்தும் தெளியாமல், என்னவோ சொன்னார். புருவத்தைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். அம்மா என்னைப் பார்த்து, "இன்னாடி சொல்றாரு?" என்றாள்.

"இனிமே இன்னான்னு கேட்டா அறைஞ்சிடுவேன்னு சொல்றாருமா" என்றேன்.