ஞானம் அக்காவின் குரல் இருந்த ஹார்ட் டிஸ்க்

செய்தி வந்தபோது நான் ஷூவின் வெட்டு வடிவங்களை வரையும் பேட்டர்ன் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பேசியது ஞானம் அக்காவின் மகள் ஷீபா. "மாலதிக்கா, அம்மா போய்ட்டாங்க. இப்பதான். அப்பா பக்கத்துலதான் இருக்காரு" என்றாள். அழவில்லை. "ஹால்ல இருக்கறவங்களுக்கு நீங்களே சொல்லிடுங்க" என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

எழுந்து தைக்கும் ஹாலுக்குப் போனேன். எல்லா இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலுக்கு மேலே கேட்கும்படி பேச எனக்கு வராது. ஞானம் அக்காவுக்கு வரும். நான் வரிசை வரிசையாகப் போய் ஒவ்வொருவர் தோளையும் தொட்டுச் சொன்னேன். தொட்ட இடத்திலெல்லாம் இயந்திரம் நின்றது. கடைசி வரிசையை அடைவதற்குள் ஹால் முழுவதும் அமைதியாகிவிட்டது.

ஞானசுந்தரி அக்கா எங்கள் ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைக்கும் பிரிவுக்கு சூப்பர்வைசராக இருந்தார். மாதனூர் பக்கத்துக் கிராமம். காலையில் கம்பெனி பஸ்ஸில் எங்களோடுதான் வருவார். அவர் குரலைக் கேட்காதவர்களுக்கு அதை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்கும் நேரத்தில் தைத்துக்கொண்டிருக்கும் பெண்கள் ஊசிக்குக் கீழே விரலை வைத்தபடி மறந்து பேசிக்கொண்டிருப்பார்கள். அப்போது ஹாலின் ஒரு கோடியிலிருந்து "கை!" என்று ஒரே ஒரு சொல் வரும். அத்தனை பேரும் கையைத் தூக்கிவிடுவார்கள். அதன் பிறகுதான் இயந்திரம் உயிர் பெறும். அவர் இருந்த வருடங்களில் எங்கள் ஹாலில் யாருக்கும் விரலில் ஊசி இறங்கியதில்லை. "கத்தறேன்னு கோச்சிக்காதீங்கடி. விரல் போனா கம்பெனி வேற ஆள எடுத்துக்கும். உனக்கு வேற விரல் எவன் தருவான்?" என்பார்.

அந்தக் குரலுக்கு வீட்டில் இன்னொரு வேலை இருந்தது. ஒரே மகள் ஷீபாவுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. கல்லூரிப் பாடங்களையும், பிறகு அரசு வேலைக்கான போட்டித் தேர்வுப் புத்தகங்களையும் அக்காதான் படித்துப் போனில் பதிவு செய்து கொடுத்தார். பத்தாம் வகுப்பில் தவறியவர் அவர். புரியாத சொற்களை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். கம்ப்யூட்டரே படித்துச் சொல்லும் வசதி இருக்கிறதே என்று ஷீபாவிடம் ஒருமுறை கேட்டேன். "அது படிச்சா காதுல விழுதுக்கா, மண்டைல நிக்கல" என்றாள்.

ஒரு பதிவை எனக்குப் போட்டுக் காட்டினார்கள். அரசியலமைப்புப் பாடத்தின் நடுவே, "இரு, குக்கர் இறக்கிட்டு வர்றேன்" என்று அக்கா போகிறார். பாத்திரச் சத்தம். திரும்பி வந்து, "இன்னா சொல்லிட்டிருந்தேன்? ஆங், ஆளுநர்" என்று விட்ட இடத்தில் தொடங்குகிறார். ஷீபா சிரித்தபடி, "பரீட்சைல ஆளுநர்னு கேள்வி வந்தா எனக்கு சாம்பார் வாசனை வரும்" என்றாள்.

போனில் இடம் பற்றாது. வீட்டுக் கம்ப்யூட்டரும் பழையது. அதனால் பதிவுகளை வெளியே இணைக்கும் ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டுவிட்டுப் போனிலிருந்து அழித்துவிடுவார்கள். உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி. வருடக்கணக்கான படிப்பு அதற்குள் இருந்தது.

பிறகு தொண்டையில் கட்டி வந்தது. சளி என்று நினைத்தார், தோல் தூசி என்று நினைத்தார். வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியபோது குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார்கள். ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் முழுக்க அவர் ஷீபாவுக்காகப் படித்துக்கொண்டே இருந்தார். கட்டைக் குரல், பக்கத்துக்குப் பக்கம் இருமல். "பேசாம ரெஸ்ட் எடுங்கக்கா" என்றேன். "இனிமே பேசாமதான மாலதி இருக்கப் போறேன்" என்றார். அவர் வாயால் நான் கேட்ட கடைசி வார்த்தைகளில் அதுவும் ஒன்று.

வீடு திரும்பியபோது கழுத்தில் ஒரு துளை, அதன் மேல் வெள்ளைத் துணி. மூச்சு அந்த வழியாகத்தான். பசை வாடையும் தோல் தூசியும் ஆகாது என்பதால் கம்பெனிக்கு வருவது நின்றது. சொல்ல வேண்டியதையெல்லாம் போனில் தட்டிக் காட்டினார். ஷீபாவுக்குப் போனே அதை வாசித்துச் சொன்னது.

ஒருநாள் மேசையைத் துடைக்கும்போது புடவைத் தலைப்பில் ஹார்ட் டிஸ்கின் ஒயர் மாட்டி, அது சிமெண்ட் தரையில் விழுந்தது. அது விழுவதை அவர் கண்ணால் பார்த்தார். ஐயோ என்று கத்தக்கூட அவரால் முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னை வரச் சொன்னார்கள். கம்பெனியில் கம்ப்யூட்டரில் வேலை செய்பவள் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று அவர்களுக்கு எண்ணம். ஒயரைச் செருகினேன். இணைந்ததற்கான ஒலி வந்தது. சற்று நேரத்தில் துண்டித்துக்கொண்ட ஒலியும் வந்தது. திரையில் ஒன்றும் இல்லை. ஷீபா தலையைச் சாய்த்து, "உள்ள இன்னாவோ தட்டுதுக்கா. டிக், டிக்னு" என்றாள். எனக்குக் கேட்கவில்லை. பெட்டியைக் காதில் வைத்த பிறகுதான் கேட்டது.

வேறு ஒயர் போட்டுப் பார்த்தேன். கம்ப்யூட்டரின் பின்பக்கத் துளையில் செருகிப் பார்த்தேன். கொண்டுபோயிருந்த என் லேப்டாப்பில் பார்த்தேன். அதிலும் அதே தட்டல். மறுபடியும் அவர்களுடைய கம்ப்யூட்டருக்கே வந்து, இணைந்திருக்கும் டிஸ்குகளைக் காட்டும் பக்கத்தைத் திறந்தேன். அங்கே பெயர் மட்டும் தெரிந்தது. எவ்வளவு பெரியது, உள்ளே என்ன இருக்கிறது என்பதெல்லாம் வெறுமை. அப்போது திரையில் ஒரு கட்டம் எழும்பியது. ஷீபாவுக்காக அந்தக் கம்ப்யூட்டரில் போட்டிருந்த மென்பொருள் அதை ஆங்கிலத்தில் உரக்க வாசித்தது. டிஸ்கைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?

"ஃபார்மட்னா எல்லாம் அழிஞ்சிடும்லக்கா?" என்றாள் ஷீபா.

"ஆமா. வேணாம்னு குடுக்கறேன் இரு."

நான் மவுஸை நகர்த்துவதற்குள் அக்கா ஒயரைப் பிடித்துப் பிடுங்கிவிட்டார். கழுத்துத் துணி மூச்சில் ஏறி இறங்கியது. போனை எடுத்துத் தட்டி என் முன்னால் நீட்டினார். "போதும். துணின்னா பிரிச்சித் தைக்கலாம். தோல்ல ஊசி எறங்குன ஓட்டை மூடாது. இத்தோட விடு."

அதன் பிறகு நாங்கள் அதைச் செருகவில்லை. சரியான முடிவு. மறுநாள் அக்காவும் நானும் ஆம்பூர் பஜாரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடைக்காரரிடம் கொண்டுபோனபோது அவரும் அதைத்தான் சொன்னார். "சத்தம் வருதுன்னா உள்ள முள்ளு தட்டுல உரசுதுன்னு அர்த்தம். ஒவ்வொரு தடவ கரண்ட் குடுக்கும்போதும் கீறல் ஜாஸ்தியாகும். இங்க தொறக்கக் கூடாது, தூசி படும். சென்னைல இதுக்குன்னு லேப் இருக்கு, அங்க போங்க." ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்று உறவுக்காரர் ஒருவர் சொன்னாரே என்று கேட்டேன். "பொணத்த வெக்கிற மாதிரியா?" என்றார் அவர். சொன்ன பிறகு அக்காவின் கழுத்தைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

அக்காவே சென்னைக்குப் போனார். கணவர் தேவராஜ் அண்ணன் துணைக்குப் போனார். ரயிலில் அந்தப் பெட்டியைத் துண்டில் சுற்றி மடியிலேயே வைத்திருந்ததாக அண்ணன் சொன்னார். "ஷீபா பொறந்து கண்ணாஸ்பத்திரிக்குப் போனப்பவும் இப்பிடித்தான் உக்காந்திருந்தா" என்றார்.

லேபில் மீட்டுக் கொடுத்தது கொஞ்சம்தான். கோப்புகளின் பெயர்கள் போய்விட்டன. பெரும்பாலானவை திறக்கவில்லை. திறந்தவையும் பாதியில் அறுந்தன. வாக்கியம் தொடங்கும், முடியாது. தேர்வுக்குப் படிக்க அதில் எதுவும் தேறவில்லை. நானும் ஷீபாவும் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டோம். தன் குரல் வரும்போதெல்லாம் அக்கா எழுந்து வெளியே போய்விடுவார். ஒருமுறை மட்டும் வாசற்படியில் நின்று கேட்டார். ஆபரேஷனுக்கு முந்தைய வாரத்துப் பதிவு அது. இருமல்தான் அதிகம். முடிந்ததும் போனில் தட்டினார். "இவ்ளோ கஷ்டப்பட்டா படிச்சேன்?"

தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வாரம் ஒரு காலையில், மாதனூர் நிறுத்தத்தில் எங்கள் பஸ்ஸுக்கு முன்னால் அக்கா நின்றிருந்தார். கையில் புத்தகங்களின் ஜெராக்ஸ் கட்டு. ஏறிய ஒவ்வொரு பெண்ணிடமும் சில பக்கங்களைக் கொடுத்து, போனில் எழுதி வைத்திருந்ததைக் காட்டினார். "மத்தியானம் சாப்ட்டுட்டு இத படிச்சி வாய்ஸ் மெசேஜா மாலதிக்கு அனுப்பு. ஷீபாவுக்கு."

தனம் என்ற பெண் பின்வாங்கினாள். "எனக்குப் படிக்க வராதுக்கா. பத்தாவதுல ஃபெயிலு."

அக்கா தட்டிக் காட்டினார். "நானும் ஃபெயிலு. பரீட்சை எழுதப்போறது நீ இல்ல."

பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். தனம் பக்கங்களை வாங்கிக்கொண்டாள். பாதிப் பேர் பள்ளிக்கூடத்துக்குப் பிறகு எதையும் உரக்கப் படித்ததில்லை. ஷமீம் படித்ததில் உருதுச் சாயல் இருந்தது. தனம் கமா வருமிடத்திலெல்லாம் நின்று, "கமா" என்றே சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சிலர் அக்கா வீட்டுக்கே வந்து படித்தார்கள். தப்பாகப் படித்தால் அவர் மேசையில் விரலால் ஒரு தட்டுத் தட்டுவார். மறுபடியும் படிக்க வேண்டும். சரியாகும்வரை காத்திருப்பார். முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. வந்த பதிவுகளுக்கெல்லாம் பெயரிட்டு, இம்முறை இரண்டு புதிய டிஸ்குகளில் போட்டு வைப்பது என் வேலை.

இவ்வளவும் செய்தும் ஷீபா அந்தத் தேர்வில் தேறவில்லை. முடிவு வந்த சமயத்தில் அக்கா மறுபடியும் ஆஸ்பத்திரியில் இருந்தார். நோய் நுரையீரலுக்குப் போயிருந்தது. கட்டிலருகே நின்று ஷீபா சொன்னபோது அவள் கையை எடுத்து, சிறுவயதில் அவளுக்குப் பழக்கிய எழுத்துகளில் உள்ளங்கையில் விரலால் எதையோ எழுதினார். என்ன எழுதினார் என்று பிறகு கேட்டேன். "மறுபடியும் எழுதுன்னு" என்றாள். "அவ்ளோதான்க்கா. அழாதன்னுகூட எழுதல."

அடக்கத்தன்று சர்ச்சில் உறவினர் ஒருவர், மீட்ட பதிவில் ஒன்றை மைக்கில் போடலாமே, எல்லோரும் கடைசியாக ஒருமுறை அவள் குரலைக் கேட்கட்டும் என்றார். போதகரும் தலையசைத்தார். ஷீபா முடியாது என்றாள். "அது எனக்காகப் படிச்சது. ஊருக்காக இல்ல." எங்கள் ஹாலின் பெண்கள் இரண்டு வரிசையாகப் பின்னால் நின்றிருந்தோம்.

அக்காவின் குரலில் ஒரு துண்டுகூட என்னிடம் இல்லை. ஷீபா தருவதாகச் சொன்னாள், நான் வாங்கவில்லை. என்னிடம் இருப்பது ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து அவர் எனக்கு அனுப்பிய கடைசிச் செய்தி. "பொருளாதாரத்துல கடைசிப் பாடம் யாரும் படிக்கல. எல்லாரும் படிச்சத வாங்கி வெச்சிட்டு நீ மட்டும் கம்ப்யூட்டர் பக்கத்துலயே உக்காந்துக்கற. இத நீ படி." அவர் எனக்கென்று விட்டுப்போனது இந்த ஒரு வேலைதான். அதை வைத்துக்கொண்டேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் மாலை அந்தப் பாடத்தை எடுத்தேன். இரண்டாவது பத்தியிலேயே ஒரு சொல்லில் தடுமாறினேன். நிறுத்தவில்லை, அழித்துவிட்டுத் திரும்பத் தொடங்கவும் இல்லை. தடுமாற்றத்தோடே பக்கத்தை முடித்து ஷீபாவுக்கு அனுப்பினேன். பிறகு பதில் வந்தது.

"கேட்டேன்க்கா. அடுத்த பக்கம் அனுப்புங்க."