வெற்றிலை வைத்து அழைக்கப்பட்ட நாற்காலிகள்

1989இல் வெம்பிளி ஆனந்தராஜாவுக்கு ஒரே கவலை. மத்திய லண்டனில் ஓர் அறிவியல் கழகத்தில் கிடைத்த துப்புரவு வேலை நிரந்தரமாக வேண்டும். அப்போதுதான் கொழும்பில் காத்திருக்கும் மனைவி சந்திரவதனாவுக்கு விசா கிடைக்கும்.

குறுக்கே நின்றது ஒரு நாற்காலி.

நூறு ஆண்டுகளுக்கு முன் பல நாட்டு விஞ்ஞானிகள் அந்தக் கழக மண்டபத்தில் கூடி, பூமியை அளப்பது எப்படி என்று பேசினார்களாம். விஞ்ஞானிகள் என்பது வாசலில் சொன்ன பெயர். உள்ளே பாதிப் பேர் தூதர்கள். பூமியை அளந்ததைவிட, யார் யாருக்கு மேலே உட்காருவது என்று அளந்ததே அதிகம். இன்னும் அங்கேயே நிற்கும் அந்த நாற்காலிகளின் முதுகுகளில் பித்தளையில் நாடுகளின் பெயர். இந்தியாவுக்கும் ஒன்று உண்டு, அதில் அமர்ந்தவர் ஆங்கிலேயர். அதனால் பிரிட்டனுக்கு ஒரு வாக்குக் கூடியது.

மாலையில் ஆனந்தராஜா ஒழுங்காகத் தள்ளிவைக்கும் போர்த்துக்கல் நாற்காலி, காலையில் கதவைப் பார்த்து நிற்கும். தொட்டால், ஆள் இப்போதுதான் எழுந்த சூடு.

"அண்ணை, இனியும் கதிரை குழம்பிக் கிடந்தால் உங்களை வேலையால நிப்பாட்டச் சொல்லிப்போட்டினம்," என்றார் மேற்பார்வையாளர் றோஸ்மலர்.

"நான் தொடேல்லைத் தங்கச்சி. இது கோவிச்சுக்கொண்டு எழும்பின ஆளின்ர கதிரை. கலியாண வீடுகளில எத்தினை மாமாமாரைப் பார்த்திட்டன்!"

"அப்ப வெத்திலை வைச்சுக் கூப்பிடுங்கோவன்!"

பகிடிக்குச் சொன்னார். ஆனந்தராஜா வெற்றிலைத் தட்டோடு வந்து போர்த்துக்கலை முறையாக அழைத்தார்.

மறுநாள் காலை போர்த்துக்கல் வரிசையில் நின்றது. மற்ற எல்லா நாற்காலிகளும் கதவைப் பார்த்து நின்றன. ஒரு வீட்டுக்குச் சொல்லி மற்ற வீடுகளை விட்டால் என்ன நடக்கும் என்பது ஒரு யாழ்ப்பாணத்தானுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

றோஸ்மலர் சிலுவை போட்டுக்கொண்டார். "அண்ணை, கழகச் செயலாளர் வாற நேரம்!"

ஆனந்தராஜா தட்டோடு சுற்றினார். "வந்து இருங்கோ ஐயா, இருங்கோ." ஒவ்வொன்றையும் கடந்ததும் முதுகுக்குப் பின்னால் மரம் உரசும் ஓசை. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்தியா மட்டும் அசையவில்லை. "பிளீஸ், சேர்" என்று ஆங்கிலத்திலும் அழைத்துப் பார்த்தார். வெளியே படிகளில் செயலாளரின் சப்பாத்துக் காலடிச் சத்தம். ஆனந்தராஜா குனிந்து மெதுவாகச் சொன்னார்: "உங்கட கதிரையில இருந்த வெள்ளைக்காரத் துரை எப்பவோ போயிட்டார். இனி நீங்கள் இருங்கோ."

நாற்காலி தானாக மேசையோடு சேர்ந்தது. தட்டில் ஒரு வெற்றிலை குறைந்திருந்தது.

வேலை நிரந்தரமானது. சந்திரவதனா வந்து சேர்ந்ததும் மண்டபத்தைக் காட்ட அழைத்துப் போனார். கால் வலிக்கிறதென்று அவள் இந்தியாவில் உட்காரப் போனாள்.

"அதில இராதையும். ஆள் இருக்கிறார்."

"ஆரப்பா?"

"கூப்பிட்டு வந்தவரை ஆரெண்டு கேக்கிறதே?"

அவள் குனிந்தாள். கம்பளத்தில் வெற்றிலைத் துப்பல், சிவப்பாக, ஈரமாக.

ஆனந்தராஜா துணியை எடுத்தார். நிரந்தர வேலை அல்லவா.